ஹோம் போர்ட்டுக்குத் தமிழ் என்ன? (வெள்ளி நண்பகலுக்குள் வேண்டும்)

ஜோர்ஜ்டவுன், பினாங்கு, திங்கள் இரவு

மடற்குழு அன்பர்களுக்கு வணக்கம்.

ஒரு சுற்றுலா மலருக்காகக் கப்பல் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி நண்பகல் அச்சுக்குப் போகிறது. பெரிய பயணக் கப்பல்கள் இடம்பெயர்வதைப் பற்றியது. குவாண்டம் ஆஃப் தி சீஸ் கப்பலையே பாருங்கள். 2014-இல் ஜெர்மனியில் கட்டி முடித்தார்கள். முதலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலிருந்து ஓடியது, 2015-இல் ஷாங்காய்க்குப் போனது, பிறகு சிங்கப்பூருக்கு வந்தது. இப்படி ஒரு கப்பல் எங்கிருந்து புறப்பட்டு, சுற்றி, எங்கே திரும்பி வந்து பயணத்தை முடிக்கிறதோ அதுதான் ஹோம் போர்ட். கட்டுரையில் பத்திக்கு ஒரு தடவை இந்தச் சொல் வருகிறது, சுற்றி வளைத்து எழுதித் தப்பிக்க வழியில்லை.

முதல் படியில் 'சொந்தத் துறைமுகம்' என்று போட்டு அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "கப்பல் கம்பெனி துறைமுகத்தையே வாங்கிடுச்சா?" என்று கேட்டார். அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். 'வீட்டுத் துறைமுகம்', 'இல்லத் துறைமுகம்' இரண்டும் நாக்கில் நிற்கவில்லை. கைகொடுங்கள்.

கிள்ளான், செவ்வாய் காலை

தாய்த்துறைமுகம். இதில் யோசிக்க என்னம்மா இருக்கிறது? தாய்வீடு, தாய்நாடு, தாய்மொழி எல்லாம் நம் வாயில் புழங்குகிற சொற்கள். பெண் எங்கே வாழ்க்கைப்பட்டாலும் தாய்வீடு ஒன்று இருக்கிறதல்லவா? மலாயிலும் தலைநகருக்கு இபு கோத்தா, தலைமையகத்துக்கு இபு பெஜாபாட் என்றுதான் சொல்கிறார்கள். நம் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

எழுதும்போது 'த்' விடாதீர்கள். தாய்ப்பால் போல, இங்கும் வலி மிகும். முப்பத்தோரு ஆண்டு தமிழ்ப்பள்ளியில் இந்தப் புள்ளிக்காகச் சிவப்புப் பேனா பிடித்தவன் கேட்டுக்கொள்கிறேன்.

செந்தூல், கோலாலம்பூர், செவ்வாய் மாலை

> மலாயிலும் தலைநகருக்கு இபு கோத்தா

ஐயா, உங்கள் சான்றே உங்களுக்கு எதிராக நிற்கிறது. மலாய்க்காரர் தாய் என்கிற இடத்தில் தமிழர் தலை என்கிறோம். தலைநகர், தலைமையகம், வாய்க்காலில் தலைமடை. 'தாய் நகர்' என்று கோலாலம்பூரை எவராவது சொல்வோமா? மேலும் தாய்த்துறைமுகத்தை நாளைக்கே 'தாய்த்துறை' என்று சுருக்குவார்கள். தமிழ்நாட்டு அரசு வழக்கில் அயற்பணிக்குப் போன ஊழியரின் பழைய துறைக்குத்தான் தாய்த்துறை என்று பெயர்.

என் பரிந்துரை: வதிதுறை. வதிதல் என்றால் தங்குதல், பறவை மரத்தில் வதிவது போல. வினைத்தொகை, ஒற்று மிகாது. துறை என்பது மக்கள் நீரில் இறங்கும் இடம். குளிக்கும் துறை, வண்ணார் துறை, படித்துறை. அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி இருந்ததால்தான் பிரிவு என்ற பொருள் பிறந்து, பாட்டில் அகத்துறை புறத்துறை ஆகி, கடைசியில் அரசாங்க அலுவலகம் வரை வந்தது என்பது என் கருத்து. கப்பல் என்ற சொல்லும் கடல் கடந்து மலாயில் காப்பால் ஆனது. படகுத் தலைவனான தண்டல் அங்கே தண்டில் ஆனான். கொடுத்தவர்கள் நாம். ஆனால் நம் கடல் மொழியில் நங்கூரம் பாரசீகத்திலிருந்தும், சுக்கானும் மாலுமியும் அரபியிலிருந்தும் வந்தவை. கப்பலோட்டியைக் குறித்த மீகாமன் என்ற சொல்லை நாமே கைவிட்டோம். புதுச்சொல் படைக்கும்போதாவது நம் வேரிலிருந்து எடுப்போமே.

அப்புறம், சொகுசுக் கப்பல் என்று எழுதாதீர்கள். சொகுசு தெலுங்கிலிருந்து வந்தது. உல்லாசம் வடமொழி. உலாக்கப்பல் என்று போடலாம்.

பாகான், புதன் காலை

வணக்கம். நான் துறைமுகத்தில் கிராணி வேலை பார்த்து ஓய்வுபெற்றவன், இலக்கணம் அதிகம் தெரியாது. பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். கப்பலின் பின்புறத்தில் ஓர் ஊர்ப் பெயர் எழுதியிருக்கும். தங்கச்சி சொன்ன குவாண்டம் கப்பலில் நாசாவ் என்று இருக்கும், பஹாமாஸ் நாட்டின் தலைநகர். அது பதிவுத் துறைமுகம். பல கப்பல்கள் அந்த ஊர்ப் பக்கமே போவதில்லை. கேட்பது அதுவல்ல.

பினாங்கில் கப்பல் அணையும் ஸ்வெட்டன்ஹாம் பியரில் மணிக்கூண்டுப் பக்கமாக நின்று பாருங்கள். வருகைக் கப்பல் என்றால் பயணிகள் தோளில் ஒரு சின்னப் பை, தலையில் தொப்பி, கையில் தண்ணீர் போத்தலோடு இறங்குவார்கள். திரிஷா என்ற மிதிவண்டி ரிக்‌ஷாவில் ஒரு சுற்று, எங்காவது ஒரு கிண்ணம் லக்சா, சாயங்காலம் கப்பலுக்குத் திரும்பிவிடுவார்கள். பெட்டி கப்பலிலேயே இருக்கும். ஹோம் போர்ட் என்றால் கதையே வேறு. காலையில் பழைய ஆட்கள் உருட்டுப் பெட்டியோடு இறங்க வேண்டும், மாலைக்குள் புது ஆட்கள் உருட்டுப் பெட்டியோடு ஏற வேண்டும். குவாண்டம் கப்பலில் அறைக்கு இருவர் என்று கணக்கிட்டாலே 4,180 பேர். நடுவில் சில மணி நேரம்தான். அதற்குள் ஆயிரக்கணக்கில் பெட்டி, படுக்கைவிரிப்பு, அரிசி, முட்டை, காய்கறி எல்லாம் ஏறியாக வேண்டும். குடிநுழைவு, சுங்கம், விமான நிலையத்துக்குப் பேருந்து, முந்திய இரவு தங்க ஹோட்டல் எல்லாம் ஊரில் இருக்க வேண்டும். ஒரு கப்பல் இடம் மாறுகிறது என்றால் இத்தனையும் இடம் மாறுகிறது என்று பொருள்.

ஆகவே பெட்டி இறங்காத இடம் தொடுதுறை. பெட்டியோடு ஏறுகிற இடம் ஏறுதுறை. எனக்கு இது போதும்.

என் அப்பா ரஜூலாவில் வந்தவர். 1926-இல் கட்டிய கப்பல், 1973 வரை மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடியது. நாகப்பட்டினத்தில் ஒரு தகரப் பெட்டியோடு ஏறினார். அந்தப் பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. மூடியின் உள்பக்கம் சுண்ணாம்பில் எழுதிய எண் பாதி தெரிகிறது. அவருக்கு நாகைதான் ஏறுதுறை, சாகும்வரை.

கிள்ளான், புதன் நண்பகல்

ரஜூலா என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் 1972-இல் போர்ட் கிள்ளான் ஆயிற்று. பினாங்கில் இருப்பது ஸ்வெட்டன்ஹாம் பியர். கட்டுரையில் இரண்டையும் கலந்துவிடாதீர்கள், பலர் கலக்கிறார்கள்.

பிரிக்பீல்ட்ஸ், புதன் இரவு

ஏறுதுறையில் எனக்கொரு தயக்கம். எங்கள் பாட்டனார் ஊரான யாழ்ப்பாணப் பக்கத்தில் படகு அணையும் ஜெட்டிக்கு இறங்குதுறை என்றுதான் பெயர். குறிகாட்டுவான் இறங்குதுறையில்தான் நயினாதீவுக்குப் படகு ஏறுவார்கள். ஏறுதுறை என்றால் அதன் எதிர்ச்சொல் என்று எங்கள் ஆட்கள் நினைப்பார்கள்.

இன்னொன்று. பெரிய கப்பல் கரையணைய முடியாத ஊர்களில் சிறு படகில் ஆட்களைக் கொண்டுவருகிறார்களே, அதற்குப் புறநானூற்றின் 343-ஆம் பாட்டில் சொல் இருக்கிறது. முசிறிக்கு வந்த கலத்தின் பொன்னைக் கழித்தோணிகள் கரைசேர்க்கின்றன. கழித்தோணியை எடுத்துக்கொள்ளுங்கள்.

கெப்போங், வியாழன் பிற்பகல்

நான்காம் படிவ மாணவர்களிடம் இன்று சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் கேட்டேன். வதிதுறை ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு மாணவி வதந்தியோடு தொடர்பு என்றாள். உறைதுறை என்று நானாக ஒன்றைச் சேர்த்தேன், பனி உறைந்த துறைமுகம் என்றார்கள். ஏறுதுறை புரிந்தது, ஆனால் எல்லாத் துறைமுகத்திலும் ஏறலாமே டீச்சர் என்றார்கள். தாய்த்துறைமுகத்துக்குக் கை தூக்கியவர்கள் அதிகம். அதிலும் பின்வரிசைப் பையன் ஒருவன், "கப்பலைக் கட்டின இடமா?" என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம். பிறந்த இடத்தைத்தானே தாயோடு சேர்ப்போம்.

ஜோர்ஜ்டவுன், வியாழன் இரவு

அனைவருக்கும் நன்றி. பாகான் அண்ணன் மடலை அம்மாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். பெட்டி, புறப்பாடு, திரும்பி வருவது எல்லாம் கேட்டுவிட்டு, கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "தேருக்கு நிலை இருக்குல்ல, அது மாதிரி கப்பலுக்கும் ஒரு நிலை. அதை இப்ப வேற ஊருக்கு மாத்திட்டாங்க. அவ்வளவுதானே?"

எனக்குக் கை நின்றுவிட்டது. தைப்பூசத்துக்கு வெள்ளித்தேர் பினாங்குத் தெருக் கோவில்வீட்டிலிருந்து புறப்படுகிறது. வழியெல்லாம் தேங்காய் உடைகிறது, அர்ச்சனைத் தட்டுக்கு நிற்கிறது, தண்ணீர்மலையடிக்குப் போகிறது, பிறகு கோவில்வீட்டுக்கே திரும்புகிறது. வழியில் நிற்பதெல்லாம் தொடுதுறை. தேர் நிலைக்கு வந்துவிட்டது என்று சொன்னால்தான் திருவிழா முடிந்தது. செந்தூல் ஐயா சொன்ன உலாக்கப்பலும் இதோடு ஒட்டுகிறது. உலா போனவர் புறப்பட்ட இடத்துக்கே வருவார். 2020 டிசம்பரில் இதே குவாண்டம் கப்பல் சிங்கப்பூரிலிருந்து கிளம்பி, எந்த ஊரையும் தொடாமல் கடலிலேயே சுற்றிவிட்டுச் சிங்கப்பூருக்கே திரும்பியது. பெருந்தொற்றுக் காலத்துப் பயணம் அது. தொடுதுறை ஒன்றுகூட இல்லாமல் கப்பல் ஓடலாம், நிலை இல்லாமல் ஓட முடியாது.

நிலைத்துறை. நிலைத்துறைமுகம். தாயும் வேண்டாம், வீடும் வேண்டாம், நம் தெருவிலேயே சொல் இருந்திருக்கிறது. என்ன சொல்கிறீர்கள்?

கிள்ளான், வியாழன் இரவு

நல்ல மனசுள்ள சொல். அம்மாவுக்கு என் வணக்கம். ஆனால் தனியாகப் படிக்கிறவனுக்கு நிலைத்துறைமுகம் என்றால் நிலையான துறைமுகம், மாறாதது என்றுதான் தோன்றும். உங்கள் கட்டுரையோ மாறுவதைப் பற்றியது. 'கப்பலின் நிலை மாறியது' என்று தலைப்பிட்டால் கவிழ்ந்துவிட்டதோ என்று பயப்படுவார்கள். தாய்த்துறைமுகமே இருக்கட்டும்.

கெப்போங், வெள்ளி காலை 7 மணி

தேர் படத்தைப் போட்டு விளக்கினால் என் மாணவர்களுக்கு நிலைத்துறை புரியும். படம் இல்லாமல் புரியாது. அச்சுக்குத் தாய்த்துறைமுகம்.

பிரிக்பீல்ட்ஸ், வெள்ளி காலை

நானும் அப்படியே.

ஜோர்ஜ்டவுன், வெள்ளி காலை 11:20

அனுப்பிவிட்டேன். தாய்த்துறைமுகம் என்றே போட்டிருக்கிறேன், 'த்' உண்டு ஐயா. முதல் இடத்தில் மட்டும் 'பயணம் தொடங்கி முடியும் துறைமுகம்' என்ற விளக்கம் சேர்த்தேன். தொடுதுறை, பதிவுத் துறைமுகம், கழித்தோணி மூன்றும் அப்படியே போயிருக்கின்றன. உலாக்கப்பலைப் பொறுப்பாசிரியர் ஏற்கவில்லை, சொகுசுக் கப்பல் ஆகிவிட்டது. கடைசிப் பத்தியில் ஒரே ஓர் இடத்தில் 'கப்பல் தன் புது நிலைக்கு வந்து சேர்ந்தது' என்று எழுதினேன். அதை யாரும் அடிக்கவில்லை.

செந்தூல், வெள்ளி மாலை

நான் ஒப்பவில்லை என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சி, ஷாங்காய், சிங்கப்பூர் என்று உங்கள் கட்டுரையிலேயே அந்தக் கப்பல் மூன்று ஊர் மாறியிருக்கிறது. தாய் மூன்று பேர் ஆவாளா? பறவை ஆண்டுக்கொரு மரத்தில் வதியும்.