அசனம் பொட்டலமாகலாமா?

செயலாளர் அண்ணாச்சி – மாலை 6.12
சபையார் அனைவருக்கும் ஸ்தோத்திரம். அறுப்பின் பண்டிகையன்று நாம் எல்லோரும் பந்தியில் சேர்ந்து உண்ணும் அசனத்தைப் பற்றிக் கமிட்டியில் ஒரு யோசனை வந்திருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அன்று மாலையே திரும்பிவிடுவதாலும், பந்தியில் பரிமாற வாலிபர்கள் குறைந்துவிட்டதாலும், இந்த ஆண்டு சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டி, ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலிலேயே கொடுத்துவிடலாம் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை முடிவெடுக்க வேண்டும் என்பதால் உங்கள் கருத்தை இங்கேயே எழுதுங்கள்.

சென்னைத் தம்பி – 6.20
ஸ்தோத்திரம் அண்ணாச்சி. எனக்குப் பொட்டலமே நல்லது என்று படுகிறது. காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டு முடித்துப் பந்தி போடுவதற்குள் மூன்று மணியாகிவிடுகிறது. வயதானவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் இடத்துக்காக வெயிலில் நிற்கிறார்கள். ஆராதனைதான் முக்கியம், சாப்பாடு ஒரு வசதிக்காகத்தானே?

டீச்சர் அத்தை – 6.41
தம்பி, வெயிலைப் பற்றி நீ சொல்வது நியாயம்தான், அதற்கு வழி செய்தே ஆக வேண்டும். ஆனால் சாப்பாடு வெறும் வசதி என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நம் திருநெல்வேலிச் சீமையில் சபை எப்படி உருவானது என்று நினைத்துப் பார். பாளையங்கோட்டையில் 1780-இல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பேர்தான் இருந்தார்கள். அந்தச் சபையைச் சேர்ந்த குளோரிந்தா அம்மையார் முன்னின்று கட்டிய ஆலயம் 1785-இல் பிரதிஷ்டையாயிற்று. அதன் பிறகு பனையேறும் மக்கள் ஊர் ஊராகச் சேரத் தொடங்கியபோது, அடிபட்டு, ஜெபக்கூடத்தை இழந்து, சொந்த ஊரில் இருக்க முடியாமல் வந்தவர்களுக்குத் தனியாக நிலம் வாங்கிக் குடியேற்ற வேண்டியிருந்தது. டேவிட் சுந்தரானந்தம் உபதேசியாரின் முயற்சியால் 1799-இல் முதலூர் உண்டானது அப்படித்தான். 1820-இல் வந்த ஜெர்மானிய மிஷனெரி ரேனியஸ் ஐயரின் காலத்தில், அவர் தொடங்கிய தர்ம சங்கமும் இந்த வேலையைத்தான் செய்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்குச் சேர்ந்து தொழுவதும் சேர்ந்து உண்பதும் ஒரே காரியமாகத்தான் இருந்திருக்கும்.

அந்தச் சபைகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. உபதேசியார் காலையிலும் அந்தியிலும் ஜனங்களைக் கூட்டி, பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் வரிவரியாகச் சொல்லிக்கொடுத்து, எல்லோரையும் ஒரே குரலாகத் திருப்பிச் சொல்ல வைத்தார். கையில் புத்தகம் இல்லாதவர்கள் ஒருவர் மறந்த வரியை மற்றவர் குரலைக் கேட்டுப் பிடித்துக்கொண்டார்கள். தனியாக இருந்து கற்றுக்கொள்ளக்கூடிய பக்தியாக அது நமக்கு வரவில்லை.

டீச்சர் அத்தை – 6.55
இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாரும் வருத்தப்பட வேண்டாம். சபைக்குள் வந்ததனால் மட்டும் சாதி போய்விடவில்லை. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபையில் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் சென்னையிலும் எத்தனையோ பேர் அதை ஏற்காமல் விலகிப் போனார்கள். ஆலயத்தில் யார் எந்தப் பக்கம் உட்காருவது, நற்கருணையை யார் முதலில் பெறுவது என்பதுதான் சண்டையாக இருந்தது. பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபையாரைக் கண்டித்ததும் ஏறக்குறைய இதற்காகத்தான்: ஒருவன் பசியாயிருக்க மற்றவன் முந்திச் சாப்பிடுகிறான் என்று சொல்லிவிட்டு, போஜனம்பண்ணக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று எழுதுகிறார். பந்தி போடத் தாமதமாவதை நாம் குறையாகப் பார்க்கிறோம். அந்தக் காத்திருப்பையே அவர் கட்டளையாகக் கொடுத்திருக்கிறார்.

கீழத்தெரு அண்ணன் – 7.08
அத்தை, நான் சொல்லத் தயங்கியதை நீங்கள் எழுதிவிட்டீர்கள். நாங்கள் இந்தச் சபைக்கு வந்தது எங்கள் அப்பா காலத்தில்தான். ஒரு கிறிஸ்துமஸுக்கு இதே போலப் பொட்டலம் கொடுத்தபோது, எங்கள் தெருவுக்கு உரியதை மட்டும் மொத்தமாகச் சாக்கில் கட்டி, ஒரு பையன் சைக்கிளில் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போனான். நாங்கள் அலைய வேண்டாம் என்று நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். ஆனாலும் அன்று என் அம்மா அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கவேயில்லை. அதே அம்மா அசனத்தன்று மேலத்தெருப் பெரியம்மாவோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து, அவர்கள் இலையில் கறி விழுந்ததா என்று பார்த்து, பரிமாறுகிறவனைச் சத்தம் போட்டுக் கூப்பிடுவார்கள். பந்தியை எடுத்துவிட்டால் எங்களுக்கு எது போகும் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சென்னைத் தம்பி – 7.15
அண்ணே, இதைக் கேட்ட பிறகு பொட்டலத்துக்காக நான் பேசப் போவதில்லை. ஆனால் வெயிலில் நிற்கும் பாட்டிமாருக்கு என்ன வழி என்று யாராவது சொல்லுங்கள்.

உபதேசியார் – 7.22
அனைவருக்கும் என் அன்பின் ஸ்தோத்திரம். ஊழியக் கோணத்திலிருந்தும் ஒரு வார்த்தை. நம் பகுதி ஜனங்களே காணிக்கை போட்டு 1903-இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியரை அனுப்பினார்கள். அதற்கு முன்னின்ற வெள்ளாளன்விளை அசரியா ஐயர், 1912-இல் இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயராக அங்கேயே பொறுப்பேற்றார். அங்கே சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகங்களைச் சேர்ந்த ஏழைக் கிராமத்தார். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தலைமேல் கை வைக்கச் சொல்லி, "நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தைப் பிரசங்கியாமலிருந்தால் எனக்கு ஐயோ" என்று சொல்ல வைப்பாராம். சம்பளம் வாங்குகிற என்னைப் போன்றவர்களின் வேலை மட்டும் மிஷன் அல்ல, சபை முழுவதும் சாட்சி என்பதை அவர் அப்படிக் கற்றுக்கொடுத்தார். நம் அசனத்துக்குக் கோயில் தெருவிலிருந்து, சபையில் சேராத ஆட்களும் வருகிறார்கள். ஏலத்தில் வாழைத்தாரும் கருப்பட்டியும் எடுக்கிறார்கள், நம்மோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நான் எத்தனை பிரசங்கம் செய்தாலும், நாம் ஒருவரையொருவர் எப்படி நடத்துகிறோம் என்பதை அவர்கள் அந்தப் பந்தியில்தான் பார்க்கிறார்கள்.

சின்ன மதினி – 7.34
தம்பி கேட்டதற்கு நான் சொல்கிறேன். ஆராதனை முடிந்த உடனே முதல் பந்தியைப் போட்டுவிட்டு ஏலத்தைப் பிறகு வைத்துக்கொண்டால் பாதிச் சிரமம் தீர்ந்துவிடும். முதல் பந்தியில் முதியவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் கைக்குழந்தைக்காரர்களும் உட்காரட்டும், எந்தத் தெருவாக இருந்தாலும் சரி. பந்தலைப் பள்ளிக்கூடச் சுவர் வரைக்கும் நீட்டினால் வரிசையில் நிற்பவர்களுக்கும் நிழல் கிடைக்கும். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கைப்பிடி அரிசி நன்றாகவே சேர்ந்திருக்கிறது. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போட்டவர்கள், அந்த அரிசி வெந்து இலையில் விழுவதைப் பார்க்க ஆசைப்பட மாட்டார்களா? போன ஆண்டு ஒரு பாட்டி கொண்டுவந்த ஒற்றைக் கோழிமுட்டையை ஏலத்தில் எடுத்தவர்கள் ஒவ்வொருவரும் திரும்பக் காணிக்கையாகவே கொடுக்க, அது மறுபடியும் மறுபடியும் ஏலத்துக்கு வந்தது அல்லவா? ஏலத்தை அவசரமாக முடித்திருந்தால் அந்தச் சந்தோஷம் பாட்டிக்குக் கிடைத்திருக்காது. சாப்பிட்டுவிட்டு நிதானமாக ஏலம் விடுவோம்.

செயலாளர் அண்ணாச்சி – 7.46
மதினி சொன்ன ஒழுங்கைக் கமிட்டியில் வைக்கிறேன், மறுப்பு வராது என்று நம்புகிறேன். பரிமாறுவதற்கு ஒவ்வொரு தெருவிலிருந்தும் இரண்டு பேர் பெயர் கொடுங்கள். ஒரே தெருக்காரர்களாக ஒரே வரிசைக்குப் போகாமல் நானே பிரித்துவிடுகிறேன். இலைக்கு மட்டும் இன்னும் ஆள் சொல்லவில்லை.

கீழத்தெரு அண்ணன் – 7.49
இலை எங்கள் தோட்டத்திலிருந்து வரும் அண்ணாச்சி. முந்தின நாள் சாயங்காலமே அறுத்து, ஈரச்சாக்குப் போட்டு வைத்துவிடுகிறேன்.

சென்னைத் தம்பி – 7.52
பரிமாறுவதற்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். திரும்புகிற டிக்கெட்டை மறுநாளுக்கு மாற்றிவிட்டேன்.