ஈலிங் நிலவறையிலிருந்து கிளம்பிய ப்ளூஸ்: குடும்பக் குழுவில் ஓர் உரையாடல்

கவின்: சிவம் மாமா, அறுபதுகளின் பிரித்தானிய ரிதம் அண்ட் ப்ளூஸ் குழுக்களைக் கேட்டுவிட்டு வரும்படி கிற்றார் ஆசிரியர் சொல்லியிருக்கிறார். ரோலிங் ஸ்டோன்ஸைத் தவிர வேறு யாரையும் எனக்குத் தெரியாது. எங்கிருந்து தொடங்கலாம்?

சிவம் மாமா: மேற்கு லண்டன் ஈலிங்கிலிருந்தே தொடங்கலாம், தம்பி. ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு; அதையே தாளக்கட்டோடு விறுவிறுப்பாக வாசித்தால் ரிதம் அண்ட் ப்ளூஸ். நாங்கள் மேற்கு ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயிலுக்குப் போகிறோமே, அதற்கு ஒரு நிலையம் முன்னால் ஈலிங் பிராட்வேயில் இறங்கினால் எதிர்ப்புறத்தில் இருக்கிறது அந்த இடம். கிற்றார் வாசித்த அலெக்சிஸ் கோர்னரும், ஹார்மோனிகா என்ற சிறு வாய்க்கருவி ஊதிய சிரில் டேவிஸும் தங்கள் ப்ளூஸ் இன்கார்ப்பரேட்டட் குழுவுக்காக 1962 மார்ச் 17 அன்று அங்குள்ள நிலவறையில் ஈலிங் கிளப்பைத் தொடங்கினார்கள். ஒலிபெருக்கி வைத்து வாசிக்கும் ப்ளூஸுக்கு ஜாஸ் மன்றங்களில் அப்போது நல்ல வரவேற்பு இருக்கவில்லை. கூட்டம் நெரிந்த அந்தச் சிறிய அறையில் ஈர ஆவி கூரையில் படிந்து சொட்டுச் சொட்டாக விழும் என்பதால், மேடை நனையாதபடி மேலே ஒரு மறைப்பைக் கட்டித்தான் வாசித்தார்கள்.

சிவம் மாமா: பின்னர் ரோலிங் ஸ்டோன்ஸில் சேர்ந்த சார்லி வாட்ஸ் அப்போது கோர்னரின் குழுவில் டிரம்ஸ் வாசித்தார். செல்ட்டனமிலிருந்து வந்து, எல்மோ லூயிஸ் என்ற புனைபெயரில் தந்திகளின் மேல் குழாயை வழுக்கவிடும் ஸ்லைடு கிற்றார் வாசித்த பிரையன் ஜோன்ஸை மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் முதன்முதலில் பார்த்தது அந்த நிலவறையில்தான். அந்த மூவரும் பிறகு ரோலிங் ஸ்டோன்ஸில் ஒன்றுசேர்ந்தார்கள். அவ்வாண்டு ஜூலை 12 அன்று கோர்னரின் குழு பிபிசி வானொலிக்குப் போய்விட, அவர்களுக்குப் பதிலாக ஆக்ஸ்போர்ட் தெருவில் இருந்த மார்க்கீ மன்றத்தில் ரோலிங் ஸ்டோன்ஸின் முதல் நிகழ்ச்சி நடந்தது. இவ்வளவுக்கும் அடித்தளம் போட்ட சிரில் டேவிஸை இன்று அநேகமாக யாரும் நினைப்பதில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை. வாகனத் தகடுகளை அடித்து நிமிர்த்தும் தொழில் செய்துகொண்டே சிகாகோ பாணி ஹார்மோனிகாவை லண்டனில் நிலைநாட்டிய அந்த மனிதர், 1964 ஜனவரியில் 31 வயதில் இறந்துவிட்டார்.

வசந்தி மாமி: லண்டனில் மட்டுமா இது நடந்தது?

சிவம் மாமா: இல்லை. நியூகாசிலில் அனிமல்ஸ், பெல்ஃபாஸ்ட்டில் வான் மோரிசன் பாடிய தெம், பர்மிங்காமில் ஸ்பென்சர் டேவிஸ் குரூப் என்று பல ஊர்களில் குழுக்கள் எழுந்தன. ஸ்பென்சர் டேவிஸ் குழுவில் சேரும்போது ஸ்டீவ் வின்வுட்டுக்கு வயது 15தான், கவின். உன்னைவிட ஒரு வயது குறைவு.

அபிராமி: மாமா, எனக்கு ஒரு மறுப்பு உண்டு. மடி வாட்டர்ஸ், ஹவ்லின் வுல்ஃப் போன்ற கறுப்பின அமெரிக்கப் பாடகர்கள் உருவாக்கிய இசையைப் பாடி வெள்ளை இளைஞர்கள் பணமும் புகழும் சம்பாதித்த கதையை நாங்கள் இவ்வளவு மகிழ்ச்சியோடு பேசலாமா?

சிவம் மாமா: நியாயமான கேள்வி, பிள்ளை. பணத்தைப் பொறுத்தவரை நீ சொல்வதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் இந்தக் குழுக்களில் நல்லவை தாங்கள் யாரிடம் கற்றோம் என்பதை மறைக்கவில்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் தங்கள் பெயரையே மடி வாட்டர்ஸின் 1950ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து எடுத்தார்கள். வில்லி டிக்சன் எழுதி, வுல்ஃப் 1961இல் பதிவுசெய்த 'லிட்டில் ரெட் ரூஸ்டர்' பாட்டை அவர்கள் வேகம் கூட்டாமல், ப்ளூஸாகவே வாசித்து வெளியிட்டார்கள். அது 1964 டிசம்பரில் பிரித்தானியாவில் முதலிடம் பிடித்தது. 1965 மே மாதம் அமெரிக்காவின் 'ஷிண்டிக்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வுல்ஃபையும் மேடையேற்றச் செய்து, அவர் பாடும்போது அவருடைய காலடியில் அமர்ந்து கேட்டார்கள். தம் சொந்த நாட்டு வெள்ளை இளைஞர்களில் பலர் வுல்ஃபை முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

அபிராமி: அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும், லண்டனில் வாழ்ந்த கறுப்பின மக்கள் இந்தக் கதையில் எங்கே இருக்கிறார்கள்?

சிவம் மாமா: வார்டர் தெருவின் ஃபிளமிங்கோ மன்றத்தில் இருக்கிறார்கள். அங்கே விடிய விடிய நடந்த நிகழ்ச்சிகளில் பாடகர் ஜார்ஜி ஃபேம் வாசிக்க, கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களும் கறுப்பின அமெரிக்கப் படைவீரர்களும் திரண்டு வந்து ஆடினார்கள். அவர்களுடைய ரசனைதான் ஃபேமின் இசையைச் செதுக்கியது. ஸ்பென்சர் டேவிஸ் குழு 1966 ஜனவரியில் முதலிடம் பிடித்த 'கீப் ஆன் ரன்னிங்' பாட்டை எழுதியவரும் ஜமெய்க்கரான ஜாக்கி எட்வர்ட்ஸ்தான்.

கவின்: அப்படியென்றால் நான் முதலில் எதைக் கேட்க வேண்டும்?

சிவம் மாமா: முதலில் வுல்ஃப் பாடிய 'லிட்டில் ரெட் ரூஸ்டர்', அதற்குப் பிறகு ஸ்டோன்ஸின் பதிவு. இரண்டாவதில் பிரையன் ஜோன்ஸ் தந்திகளின் மேல் குழாயை வழுக்கவிட்டு, ஜாகர் ஒவ்வோர் அடியைப் பாடி முடித்ததும் பதில் சொல்வதைக் கவனி. பிறகு சிரில் டேவிஸின் 1963ஆம் ஆண்டு 'கன்ட்ரி லைன் ஸ்பெஷல்' பதிவைக் கேள். அதில் ஹார்மோனிகா ரயிலாகவே ஓடும்.

அபிராமி: மூன்றின் இணைப்பையும் இங்கேயே போடுங்கள், மாமா. நானும் கேட்கிறேன்.