2010 ஸ்ட்ரீட் கிளைடுக்கு ‘ஃபிரேம் கிட் மட்டும் போதும்’ என்கிறவர்களுக்கு

பேகர்_பாண்டியன்:
கார்த்தி தம்பி தன்னுடைய 2010 ஹார்லி டேவிட்சன் ஸ்ட்ரீட் கிளைடு மோட்டார் சைக்கிளில் கம்பெனி ரேடியோவைக் கழற்றிவிட்டு ப்ளூடூத் உள்ள சிங்கிள் டின் (கார் ரேடியோக்களின் பொது அளவு) ரேடியோ போட எந்தக் கிட் வாங்கலாம் என்று கேட்டிருந்தார். அதற்கு செல்வம், “மெட்ரா 99-9600 மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஃபிரேம் கிட், ஒரு வயரிங் அடாப்டர், அவ்வளவுதான், ஸ்பீக்கரைத் தொடவே வேண்டாம்” என்று எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 2006 முதல் 2013 வரை வந்த ஹார்லி டூரிங் (நெடுந்தூரப் பயண) வண்டிகளில் ஹார்மன் கார்டன் ஆடியோ சிஸ்டத்தின் ஸ்பீக்கரின் மின்தடை 2 ஓம். கடையில் கிடைக்கிற ரேடியோக்கள் பெரும்பாலும் 4 ஓமுக்குச் செய்தவை. அதில் 2 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் அதே வோல்டேஜுக்கு இரண்டு மடங்கு கரண்ட் போகும், உள்ளே ஒலியைப் பெருக்குகிற ஆம்ப் ஐசி (சிப்) கொதிக்கும். ஃபிரேம், ஹார்னஸ் (வயர் தொகுப்பு), 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றும் சேர்ந்தால்தான் கிட். இல்லாவிட்டால் பாதி வேலை.

சோல்டரிங்_செல்வம்:
பாண்டியன் அண்ணே, வணக்கம். ஹூஸ்டனில் நான் ரேடியோ போட்டுக் கொடுத்த பேகர்கள் (பக்கப் பெட்டி வைத்த டூரிங் வண்டிகள்) இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன, ஒரு ரேடியோகூட எரியவில்லை. நீங்கள் சொல்கிற 2 ஓம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் இதே மாடலில் கழற்றிய ஸ்பீக்கரை மல்டிமீட்டரில் வைத்தேன், 2.4 காட்டியது. புத்தகத்தில் படிப்பது வேறு, கையில் பிடித்து அளப்பது வேறு.

பேகர்_பாண்டியன்:
2.4 காட்டினால் அது 2 ஓம் இல்லை என்று ஆகிவிடுமா? மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். மலிவு மீட்டர் என்றால் வயரின் தடையே 0.4, 0.5 என்று காட்டும். கழித்தால் 1.9. நிஜமான 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.2-இலிருந்து 3.7 வரைக்கும் வரும், ஒருநாளும் 2.4 வராது. அளக்கத் தெரிந்தவர் இதைத்தான் முதலில் செய்வார்.

சோல்டரிங்_செல்வம்:
அளக்கத் தெரியாது என்று எனக்கே பாடம் எடுக்கிறீர்களா? மீட்டர் காட்டுவது டிசி தடை. பாட்டு ஓடும்போது இருப்பது இம்பிடன்ஸ், அதாவது மாறும் மின்னோட்டத்துக்கான தடை, அது ஃப்ரீக்வென்சிக்குத் தகுந்த மாதிரி ஏறி இறங்கும். 2 ஓமிலேயே நிற்காது. இதுகூடத் தெரியாமல் ஓம் ஓம் என்று மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி?

பேகர்_பாண்டியன்:
அப்புறம் எதற்கு நீங்களே மீட்டர் கணக்கைக் கொண்டுவந்தீர்கள்? இம்பிடன்ஸ் ஏறி இறங்கும், சரி. 4 ஓம் ஸ்பீக்கரிலும் அதேபோல்தான் ஏறி இறங்கும். பெரும்பாலான ஃப்ரீக்வென்சிகளில் 2 ஓம் ஸ்பீக்கர் அதைவிடக் கீழேதான் இருக்கும். 2 ஓம் 2 ஓம்தான்.

புதுவண்டி_கார்த்தி:
அண்ணன்மார்களே, ஒரு சின்ன சந்தேகம். ஹேண்டில்பாரில் இருக்கிற வால்யூம் பட்டன் புது ரேடியோவில் வேலை செய்யுமா? கையை எடுத்துவிட்டு ரேடியோவைத் தடவிக்கொண்டு ஓட்ட எனக்குப் பயமாக இருக்கிறது.

பேகர்_பாண்டியன்:
தனியாக ஹேண்டில்பார் கண்ட்ரோல் மாட்யூல் போட வேண்டும், அது ரேடியோ பிராண்டுக்கும் பொருந்த வேண்டும். ராக்ஃபோர்டு பிஎம்எக்ஸ்-எச்டி9813 மாதிரி 1998-2013 ஹார்லிக்கென்றே செய்த ரேடியோ வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை. கம்பெனி ஹார்னஸில் இருக்கிற 23 பின் கனெக்டரிலேயே போய் உட்காரும், வயரை வெட்ட வேண்டியதில்லை. ஆனால் அதை வாங்கினாலும் ஸ்பீக்கர் விஷயத்தை மறக்காதீர்கள், எத்தனை ஓம் வரை தாங்கும் என்று மேனுவலில் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

விங்மேன்_டல்லஸ்:
இதற்குத்தான் நான் ஹோண்டா கோல்டுவிங் வாங்கினேன். 2018 மாடலிலேயே ஐபோனை வண்டித் திரையில் இயக்கும் ஆப்பிள் கார்பிளே வந்துவிட்டது, மோட்டார் சைக்கிளில் முதல்முதலாகக் கொடுத்தது ஹோண்டாதான். நீங்கள் எல்லாரும் ஃபேரிங்கை (ரேடியோவும் ஸ்பீக்கரும் இருக்கிற முன்பக்கக் கூட்டை) பிரித்துப் போட்டு டார்க்ஸ் ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டிருங்கள், நான் நிம்மதியாகப் பாட்டுக் கேட்கிறேன்.

ரோடுகிங்_08:
2010 வண்டியைப் பற்றிப் பேசும் இடத்தில் 2018 வண்டிப் பெருமை எதற்கு? 2010 கோல்டுவிங்கில் கார்பிளே இருந்ததா? அது இருக்கட்டும், செல்வம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இன்றைய ரேடியோக்களில் புரொடெக்‌ஷன் சர்க்யூட் இருக்கிறது, சூடானால் தானே நின்றுவிடும், எரியாது.

பேகர்_பாண்டியன்:
உங்கள் ரோடு கிங்கில் ஃபேரிங்கும் இல்லை, கம்பெனி ரேடியோவும் இல்லை. எந்த அனுபவத்தில் பேசுகிறீர்கள்? தானே நின்றுவிடும் என்றால் எப்போது நிற்கும்? டெக்சாஸில் ஆகஸ்ட் மாதம் வெயில் 40 டிகிரி செல்சியஸ் அடிக்கும்போது, சிக்னலில் நிற்கிறீர்கள், அந்தப் பேட்விங் ஃபேரிங்குக்குள் ஒரு ஃபேன்கூடக் கிடையாது, அப்போதுதான் நிற்கும். பத்து நிமிஷம் கழித்துத் தானே திரும்ப வரும், மறுபடி நிற்கும். என் நண்பர் ஒருவருக்கு இப்படித்தான் ஆனது. கடைக்காரர் ரேடியோ கோளாறு என்று சொல்லி இன்னொரு ரேடியோவை விற்றார், அதுவும் அதே மாதிரி நின்றது. ஸ்பீக்கரை 4 ஓமுக்கு மாற்றிய பிறகுதான் தொல்லை தீர்ந்தது. பெட்டியில் 50 வாட் x 4 என்று பெரிதாகப் போட்டிருப்பது உச்ச அளவு. தொடர்ந்து வருவது 4 ஓமில் 20 வாட் அளவுதான். அந்த 20 வாட்டுக்கு வடிவமைத்த ஐசியிடம் இரண்டு மடங்கு வேலை வாங்கினால் அது என்ன செய்யும்?

சோல்டரிங்_செல்வம்:
நண்பர் ஒருவர், கடைக்காரர் ஒருவர். எப்போதும் இப்படித்தான். ஸ்டர்ஜிஸ் பைக் திருவிழாவுக்குப் போனபோது உங்கள் வண்டி பேட்டரி இறங்கி பிளாக் ஹில்ஸில் எங்களை எல்லாம் வெயிலில் நிற்க வைத்தீர்களே, அன்றைக்கு இந்த மின்சார அறிவெல்லாம் எங்கே போயிருந்தது?

பேகர்_பாண்டியன்:
அந்தப் பேட்டரி இறங்கியது யாரால்? ஆம்ப்ளிஃபையரை ஆன் செய்கிற ரிமோட் வயரை இக்னிஷனில் கொடுக்காமல் நேராக பேட்டரியில் கொடுத்துவிட்டுப் போன கை யாருடையது? இத்தனை நாள் நான் வெளியே சொல்லவில்லை. இராத்திரி முழுக்க ஆம்ப் ஓடிக்கொண்டே இருந்தால் எந்த பேட்டரி தாங்கும்?

சோல்டரிங்_செல்வம்:
நீங்கள்தான் சாவியை எடுத்த பிறகும் பாட்டு ஓட வேண்டும் என்று கேட்டீர்கள். கேட்டதைச் செய்து கொடுத்தேன்.

ரோடுகிங்_08:
ரோடு கிங் வைத்திருப்பவன் பேசக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? நான் ஹெல்மெட் ஸ்பீக்கரில் கேட்கிறேன். ஊருக்கே பாட்டுப் போட்டுக்கொண்டு போகிற பழக்கம் எனக்கு இல்லை.

விங்மேன்_டல்லஸ்:
கலிஃபோர்னியா பக்கம் போனால் பார்த்துப் போங்கள், இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டக்கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது.

ரோடுகிங்_08:
ஹெல்மெட் ஸ்பீக்கர் என்றேன், இயர்போன் என்று சொல்லவே இல்லை. முதலில் படித்துவிட்டு எழுதுங்கள்.

புதுவண்டி_கார்த்தி:
ஃபிரேமோடு வருகிற ரப்பர் கேஸ்கெட் மழைக்குத் தாங்குமா? கார் ரேடியோ போடலாமா, படகுக்குச் செய்கிற மெரைன் ரேடியோதான் போட வேண்டுமா?

சோல்டரிங்_செல்வம்:
மெரைனே போடு தம்பி. கார் ரேடியோவின் சர்க்யூட் போர்டுக்கு ஈரம் ஆகாது, டிஸ்ப்ளேவும் வெயிலில் தெரியாது. 180க்கு 50 மில்லிமீட்டர் டின் அளவு இரண்டுக்கும் ஒன்றுதான். கேஸ்கெட் நான்கு மூலையிலும் சரியாகப் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார், ஒரு மூலை மடங்கியிருந்தாலும் தண்ணீர் நேராக ரேடியோவுக்குப் பின்னால் இறங்கும். ஸ்பீக்கர் நன்றாகப் பாடிக்கொண்டிருந்தால் அப்படியே விடு.

பேகர்_பாண்டியன்:
பார்த்தீர்களா, கேஸ்கெட்டைப் பற்றிக் கேட்டால் அதிலும் ஸ்பீக்கரை அப்படியே விடு என்று நுழைக்கிறார். தம்பி, நீங்கள் வாங்கப்போகிற ரேடியோவின் மேனுவலில் ஸ்பீக்கர் இம்பிடன்ஸ் என்ற வரியை எடுத்துப் பாருங்கள். 4-8 ஓம் என்று இருந்தால் பழைய ஸ்பீக்கரைக் கழற்றுங்கள். அந்த ஃபேரிங்கில் 5.25 அங்குல ஸ்பீக்கர் உட்காரும், 4 ஓமில் எத்தனையோ கிடைக்கின்றன. எப்படியும் ஃபேரிங்கைத் திறக்கப் போகிறீர்கள், அதே நேரத்தில் மாற்றிவிடலாம்.

சோல்டரிங்_செல்வம்:
கழற்றிய ஸ்பீக்கர் இன்னும் என் கராஜில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், உங்கள் மீட்டரையும் எடுத்து வாருங்கள்.

பேகர்_பாண்டியன்:
மீட்டர் வேண்டாம் என்று சொன்னதே நீங்கள்தானே, இம்பிடன்ஸ் ஏறி இறங்கும் என்று. வருகிறேன். ஆனால் முதலில் முனைகளைத் தொட்டு எவ்வளவு காட்டுகிறது என்று எழுதி வைத்துவிட்டுத்தான் ஸ்பீக்கரில் வைக்க வேண்டும். அதற்கு ஒத்துக்கொள்கிறீர்களா, இல்லையா?

விங்மேன்_டல்லஸ்:
நானும் வருகிறேன், கோல்டுவிங்கில். போகிற வழியில் பாட்டு நிற்காது.

சோல்டரிங்_செல்வம்:
கழித்தல் கணக்கெல்லாம் என் கராஜில் கிடையாது. மீட்டர் என்ன காட்டுகிறதோ அதுதான்.