புதுப்பிப்பு: கேமராவில் தெரியும் விளக்கைத் தொட்டு இயக்குவது – இரண்டு குறைகளும் தீர்ந்தன

கைபேசிக் கேமராவை விளக்கின் பக்கம் திருப்பினால் அதன்மேல் ஒரு பட்டன் மிதக்கும். தொட்டால் ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறிய கட்டுப்பாட்டு போர்டு) வழியாக ரிலே (விளக்கின் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) இயங்கும். இதில் பட்டன் இடம் நழுவுகிறது, விளக்கின் நிலை தப்பாகத் தெரிகிறது என்று முன்பு எழுதியிருந்தேன்.

நழுவலுக்குக் காரணம், பட்டனை எங்கே வைப்பது என்று கேமரா கண்டறிய அச்சிட்டு வைக்கும் அடையாளப் படம். ஏஆர்கோருக்கு (கேமராக் காட்சியின்மேல் இப்படிப் பட்டனை மிதக்கவிட உதவும் கூகுள் மென்பொருள்) கியூஆர் குறியீட்டையே படமாகக் கொடுத்தது தவறு. அத்தகைய கட்டங்களைப் பின்தொடர அது தடுமாறும். நுணுக்கம் நிறைந்த, ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வராத படம் வேண்டும்: குறைந்தது 300×300 பிக்சல், ஏஆர்கோரின் மதிப்பீட்டுக் கருவியில் 75க்குக் குறையாத மதிப்பெண். அச்சிட்ட அகலத்தை மீட்டரில் கொடுத்துவிடுங்கள், சீக்கிரம் கண்டுபிடிக்கும். முதல்முறை கண்டறியப் படம் கேமரா சட்டத்தில் கால்பங்காவது நிறைய வேண்டும். சின்ன ஸ்டிக்கரை எட்ட நின்று காட்டிப் பயனில்லை.

நிலைப் பிழைதான் பெரிய விஷயம். ‘மாற்று’ (எரிந்தால் அணை, அணைந்திருந்தால் எரி) என்ற ஒரே கட்டளையை எம்க்யூடிடியில் (கருவிகள் செய்தி பரிமாறும் முறை) க்யூஓஎஸ் 1இல் (ஒரு முறையாவது சேரும் என்று உறுதி தரும் நிலை) அனுப்பினால் அது இரண்டு முறை வந்துசேரலாம். விளக்கு எரிந்து உடனே அணையும். ‘ஆன்’, ‘ஆஃப்’ என்று தனித்தனியாக அனுப்புங்கள். ரீட்டெய்ன் (கடைசிச் செய்தியைச் சர்வரில் வைத்திருந்து, புதிதாக இணைபவருக்குக் கொடுக்கும் வசதி) விளக்கின் நிலையைச் சொல்லும் செய்தியில் மட்டும் இருக்கட்டும். கட்டளையில் வைத்தால், மின்சாரம் போய் வந்ததும் பழைய கட்டளை தானாக நடக்கும். ஹீட்டரில் இது உண்மையிலேயே ஆபத்து. பட்டனின் நிறமும் தொட்டவுடன் மாறக்கூடாது, ஈஎஸ்பி32 நிலையைத் திருப்பி அனுப்பிய பிறகே மாற வேண்டும்.

இன்னொன்று: ரிலேயை ஈஎஸ்பி32இன் ஜிபிஐஓ 12 என்ற பின்னில் இணைக்காதீர்கள். போர்டு தொடங்கும்போது அந்தப் பின்னில் மின்னழுத்தம் உயர்நிலையில் இருந்தால் ஃபிளாஷுக்கு (நிரல் சேமிக்கப்படும் நினைவகம்) 1.8 வோல்ட் தேர்வாகி, வழக்கமான 3.3 வோல்ட் ஃபிளாஷ் உள்ள போர்டு பூட் ஆகாது, அதாவது இயங்கத் தொடங்காது.