ஜெபிக்கப் போகும் முன்பே நடுக்கம்: இது என் அழைப்புதானா?

கடுகுவிதை எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். எங்கள் சபையில் நோயாளிகளைச் சந்தித்து ஜெபிக்கும் குழுவில் இருக்கிறேன். யாரும் என்னை வற்புறுத்திச் சேர்க்கவில்லை. அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது வயதான சகோதரி ஒருவர் வருவார். புத்திமதி எதுவும் சொல்ல மாட்டார். ஒரு சங்கீதம் வாசிப்பார், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பார், போய்விடுவார். இந்த வேலைக்குத்தான் கர்த்தர் என்னையும் கூப்பிடுகிறார் என்ற எண்ணம் அப்போது வந்தது. இன்றுவரை அது என்னை விட்டுப் போகவில்லை.

ஆனால் வார்டு வாசலை எட்டும்போதே உள்ளங்கை வியர்த்து, வேதாகமத்தின் அட்டை பிசுபிசுத்துவிடுகிறது. அண்மையில் ஒரு பெரியவருக்காக ஜெபித்து முடித்தேன். அவருடைய மகன் வராந்தாவரை என் பின்னாலேயே வந்து, "அப்பா பிழைத்துக்கொள்வாரா? சொல்லுங்கள்" என்று கேட்டார். "தெரியவில்லை, தம்பி" என்றேன். அவர் முகம் தொங்கிப்போனது. என் விசுவாசம் உண்மையாக இருந்தால் அந்த நேரத்தில் உறுதியாக ஒரு வார்த்தை வந்திருக்காதா? எங்கள் குழுவில் ஓர் அக்கா கணீரென்று ஜெபிப்பார். நான் ஜெபித்தால் வாக்கியம் பாதியில் அறுந்துவிடும்.

விலகிவிடலாமா என்று இருக்கிறது. "பயப்படாதே" என்று தொடங்கும் வசனங்களை மட்டும் தயவுசெய்து அனுப்பாதீர்கள். அவை எனக்கு மனப்பாடம்.

—

பூரா எழுதியது:

நான் அனுப்ப வைத்திருந்ததே அந்த வசனங்கள்தான்! சரி, போகட்டும். இஸ்ரவேலை மீட்கக் கர்த்தர் அழைத்த கிதியோன், பாகால் என்ற அந்நிய தெய்வத்தின் பலிபீடத்தை இடித்தது இரவில். பகலில் செய்யப் பயம். அதற்காகக் கர்த்தர் அவனை வேலையை விட்டு நிறுத்தவில்லை. பயத்தோடு செய்ததும் செய்ததுதான், அக்கா.

—

ஓய்வுபெற்ற போதகன் எழுதியது:

சகோதரி, நீங்கள் "பிழைப்பார்" என்று சொல்லியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். கர்த்தர் சொல்லாததைக் கர்த்தர் பெயரில் சொல்வது விசுவாசம் ஆகாது. அப்படிச் சொன்ன சிலரோடு ஊழியத்தில் இருந்திருக்கிறேன். அடக்க ஆராதனையில் அந்தக் குடும்பத்தின் கண்ணைப் பார்க்க முடியாமல் அவர்கள் பின்வரிசைக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன்.

எரேமியா 28-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். தேவாலயத்தில் எல்லாரும் பார்க்க அனனியா என்ற தீர்க்கதரிசி எழுந்து, பாபிலோன் கொண்டுபோனதெல்லாம் இரண்டு வருடத்தில் திரும்பி வரும் என்கிறான். கணீரென்றுதான் சொல்லியிருப்பான். எரேமியா என்ன செய்தார்? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார். அந்த நன்மை நடக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது. ஆனால் நடக்கும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை அனனியா பிடுங்கி உடைத்தான். எரேமியா பதில் பேசாமல் தம் வழியே போய்விட்டார். அனனியா சொன்னது பொய் என்ற கர்த்தருடைய வார்த்தை அதற்குப் பிறகுதான் வந்தது. தீர்க்கதரிசிக்கே கையில் வார்த்தை இல்லாத நேரம் இருந்திருக்கிறது. வராந்தாவில் உங்களுக்கு இல்லாமல் போனதில் என்ன அதிசயம்?

ஊழியத்துக்கு வந்தவர்களெல்லாம் துணிச்சலோடு வந்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆதித் திருச்சபையின் பெரிய இறையியலாளரான நசியான்சு கிரகோரியை 361-ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய தந்தையே குருவாக அபிஷேகம் செய்தார். அவர் அங்கே நிற்காமல் பொந்து நாட்டில் இருந்த தம் நண்பர் பசிலிடம் ஓடிப்போனார். அடுத்த ஆண்டு ஈஸ்டருக்குத் திரும்பி வந்து, தாம் ஏன் ஓடினோம் என்பதை நீண்ட உரையாகவே எழுதிவைத்தார். ஆத்துமாக்களைப் பராமரிக்கும் வேலை எத்தனை பாரமானது என்பதற்கு இன்றும் இறையியல் மாணவர்கள் அந்த உரையைத்தான் புரட்டுகிறார்கள். ஓடியவர் எழுதியது!

பவுலும் கொரிந்தியருக்கு எழுதும்போது, "பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும்" அவர்களிடத்தில் இருந்ததாக ஒப்புக்கொள்கிறார். அந்த நடுக்கத்தோடுதான் ஒன்றரை வருடம் அங்கே தங்கி உபதேசித்தார்.

விலகாதீர்கள் என்பதே என் கருத்து.

—

இரவுப்பணி எழுதியது:

நான் செவிலியர். ஐயா சொன்னவை எல்லாம் சரி, கடைசி வரியைத் தவிர. அதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது. கடுகுவிதை அக்கா, உங்கள் அம்மா இருந்ததும் இதே மாதிரி வார்டில்தானே? அந்த மருந்து வாடை, சொட்டு மருந்துக் கம்பியின் சக்கரச் சத்தம், எல்லாம் அதேதானே? கை வியர்ப்பது அவிசுவாசத்தால் என்று ஏன் முடிவு கட்டுகிறீர்கள்? அது அழுது தீராத துக்கமாக இருக்கலாம்.

எலியா தீர்க்கதரிசி தாம் சாக வேண்டும் என்று கேட்டபோது கர்த்தர் அவரிடம் உடனே அழைப்பைப் பற்றிப் பேசவில்லை. தூங்கவிட்டார், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்கவிட்டார். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி அவர் ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் வந்தது. கொஞ்ச காலம் ஓய்வெடுப்பதை விலகுவதோடு சேர்க்காதீர்கள்.

வார்டில் நான் பார்த்ததையும் சொல்கிறேன். நின்றுகொண்டு ஜெபிப்பவரை நோயாளி தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது, கழுத்து வலிக்கும். நாற்காலியை இழுத்து, அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள். எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். சிலர் "நன்றாகத் தூக்கம் வர வேண்டும்" என்று மட்டும் கேட்பார்கள். அதற்கு நீளமான ஜெபம் எதற்கு? மூச்சுக்குத் திணறுகிறவருக்குக் கணீர்க் குரல் பெரும்பாலும் தொந்தரவுதான் (அந்த அக்கா இதைப் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன்).

பிழைப்பாரா என்ற கேள்வியை எங்களிடமும் கேட்பார்கள். "தெரியவில்லை" என்று சொன்ன பிறகும் பக்கத்தில் நிற்க முடிகிறதா என்பதுதான் கடினம். சொல்லிவிட்டு நீங்கள் அங்கேயே நின்றீர்களா?

—

கடுகுவிதை எழுதியது:

நின்றேன். ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டேன், இல்லை என்றார். இருவரும் கீழே போய்த் தேநீர் குடித்தோம். தம் அப்பாவுக்குப் பிடித்த பாமாலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். இதை ஒரு பொருட்டாகவே நான் எண்ணாததால் முதலில் எழுதவில்லை.

இரவுப்பணி, ஆம், அதே மருத்துவமனை. அம்மா இருந்ததற்கு ஒரு மாடி கீழே. நீங்கள் கேட்டதும் வெகுநேரம் அழுதேன்.

—

ஓய்வுபெற்ற போதகன் எழுதியது:

செவிலியர் மகள் கேட்டதை நான் கேட்டிருக்க வேண்டும். ஓய்வெடுங்கள், சகோதரி. திரும்பப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். பன்னிருவரையும் ஆண்டவர் இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார்; மோசேக்கு ஆரோனைக் கூட்டினார். உங்கள் பொறுப்பாளர் உங்களைத் தனியாக அனுப்புகிறார் என்றால் அது அவர் திருத்திக்கொள்ள வேண்டியது. தேவைப்பட்டால் இந்தக் கிழவன் சொன்னதாகவே அவரிடம் சொல்லுங்கள்.

—

கடுகுவிதை எழுதியது:

அடுத்த மாதம்வரை விடுப்பும், அதன்பின் ஒரு துணையும் கேட்டுப் பொறுப்பாளருக்கு எழுதிவிட்டேன், ஐயா. சரி என்று பதில் வந்துவிட்டது. துணைக்கு வருவது கணீர் அக்காதானாம்! நாற்காலி விஷயத்தை அவருக்கு எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று, இரவுப்பணி, நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும்.