பஸ்ஸுக்குள் எதற்கு ரூம்?

புதுக்கோட்டை அம்மா:
ஆறாவது படிக்கும் என் மகள் 'தேர் இஸ் நோ ரூம் இன் தி பஸ்' என்று படித்துவிட்டு, பஸ்ஸுக்குள் எதற்கும்மா அறை என்று கேட்டாள். இங்கே இடம் என்று அர்த்தம் என்றேன். அப்படியானால் ஸ்பேஸ், ப்ளேஸ் எல்லாம் என்ன, எதை எங்கே போடுவது என்கிறாள். எனக்குத் தெளிவாகச் சொல்ல வரவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு வாத்தியார்:
அம்மா, எண்ண முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 'ஏ ரூம்', 'டூ ரூம்ஸ்' என்றால் அறை. 'மச் ரூம்', 'எனஃப் ரூம்' என்று வந்தால் ஆளோ பொருளோ கொள்ளும் அளவுக்கு இடம். ஸ்பேஸும் கிட்டத்தட்ட இதே பொருள்தான், ஆனால் அதை எண்ணலாம், வண்டி நிறுத்த ஓர் இடம் காலி என்றால் 'ஏ பார்க்கிங் ஸ்பேஸ்'. நம் பிள்ளைகள் அதிகம் தவறுவது ப்ளேஸில்தான். தமிழில் எல்லாமே இடம் என்பதால் 'நோ ப்ளேஸ் இன் தி கார்' என்று எழுதிவிடுகிறார்கள், எத்தனையோ வருடம் சிவப்பு மையில் திருத்தியிருக்கிறேன். ப்ளேஸ் என்பது ஊர், கோயில், கடை மாதிரி குறிப்பிட்ட ஓர் இடம்.

ரைன்கரைத் தமிழன்:
சொல்லப்போனால் பழைய ஆங்கிலத்தில் ரூம் என்றால் இடம்தான், அறை என்ற பொருள் பின்னால் வந்தது. நான் இருக்கும் ஜெர்மனியில் அதன் உறவுச் சொல்லான ரௌம் இன்றும் அறை, இடம் இரண்டுக்கும் வரும், விண்வெளிகூட வெல்ட்ரௌம்தான்.

மாலை வாசகி:
1611இல் வந்த ஆங்கில பைபிளில், லூக்கா சுவிசேஷத்தில், இயேசு பிறக்கும்போது சத்திரத்தில் 'நோ ரூம்' என்றிருக்கும், தமிழில் அதை 'இடமில்லை' என்றே படிக்கிறோம். அதே லூக்காவில் விருந்துக்குப் போனால் 'ஹையஸ்ட் ரூம்' பார்த்து உட்காராதே என்றும் வரும், அங்கே ரூம் என்பது பந்தியில் உட்காரும் இடம், அந்தப் பொருள் இப்போது வழக்கில் இல்லை. அப்புறம், 'சந்தேகத்துக்கு இடமில்லை' என்கிறோமே, அது அப்படியே 'நோ ரூம் ஃபார் டவுட்'. இரண்டு மொழியும் ஒரே மாதிரி யோசித்திருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

புதுக்கோட்டை அம்மா:
எல்லாருக்கும் நன்றி, அந்த 'சந்தேகத்துக்கு இடமில்லை' உதாரணத்தைச் சொன்னதும் அவளுக்குப் பட்டென்று புரிந்துவிட்டது. சரி, ரயிலில் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்பதற்கு?

ஓய்வு வாத்தியார்:
'குட் யூ மேக் சம் ரூம், ப்ளீஸ்?'