அமெரிக்க இன்சூரன்ஸ் நெட்வொர்க்குக்கு வெளியே ஸ்பீச் தெரபி: அனுமதி முன்னாலா, பின்னாலா?

வைகைக்கரை:
"நெட்வொர்க்கில் (இன்சூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ளவர்கள்) இல்லாத தெரபிஸ்டானாலும் சூப்பர்பில் (கட்டிய காசைத் திரும்பக் கேட்க அவர் தரும் விவரமான பில்) அனுப்பினால் போதும், முன்அனுமதி எதற்கு?" என்று இங்கே ஒருவர் அடித்துவிட்டிருக்கிறார். படிக்கவே எரிச்சலாக இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். தெரபிஸ்ட் 200 டாலர் கேட்கிறார், இன்சூரன்ஸ் ஒத்துக்கொள்ளும் தொகை 90 என்று வையுங்கள். டிடக்டிபிள் (முதலில் நாமே கட்ட வேண்டிய தொகை) முடிந்த பிறகும் 90-ல் 60 சதவீதம், அதாவது 54 டாலர்தான் வரும். மீதி 146 உங்கள் தலையில். கேப் எக்ஸெப்ஷனை, அதாவது நெட்வொர்க்கில் ஆள் இல்லாதபோது வெளி ஆளையும் நெட்வொர்க் ஆள் போலக் கணக்கில் எடுக்கும் அனுமதியை, முதல் செஷனுக்கு முன்பே வாங்கணும்.

நெட்டைமரம்:
அந்த 'ஒருவர்' நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். அனுமதியைச் சில சமயம் பின்தேதியிட்டும் தருவார்கள். மறுப்புக் கடிதம் வந்தால் அப்பீலுக்கு 180 நாள் இருக்கிறது. அனுமதி வரும்வரை குழந்தையைக் காக்க வைக்கச் சொல்கிறீர்களா?

வைகைக்கரை:
180 நாள் அப்பீலுக்கு, அனுமதிக்கு இல்லை. முன்பே வாங்கணும். இன்சூரன்ஸ் டைரக்டரியில் இருக்கும் நெட்வொர்க் தெரபிஸ்டுகளை வரிசையாகக் கூப்பிடுங்கள். தேதி, பேசியவர் பெயர், "புதுக் குழந்தைகளை எடுப்பதில்லை", "6 மாதம் ஆகும்" என்ற பதில், எல்லாம் ஒரே தாளில் இருக்கணும். டாக்டர் கடிதத்தில் எஃப்84.0 (ஆட்டிசம்) மாதிரி நோய்க் கோடு, 92507 என்ற தெரபி கோடு, வாரத்துக்கு எத்தனை செஷன் என்பதும் வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் பேசினால் ரெஃபரன்ஸ் நம்பர் வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

மதி:
இரண்டு பேருமே கேப் எக்ஸெப்ஷனையும் சிங்கிள் கேஸ் அக்ரிமெண்டையும் போட்டுக் குழப்புகிறீர்கள். முதலாவது கிடைத்தாலும் அந்த 90 அப்படியே நிற்கலாம். தெரபிஸ்டும் கம்பெனியும் ஒரு ரேட்டுக்குக் கையெழுத்துப் போடுவது இரண்டாவதில்தான்.

நெட்டைமரம்:
பெயர் எதுவானால் என்ன? பின்தேதியிட்டும் கிடைக்கலாம். கலிஃபோர்னியாவில் ஆட்டிசத்துக்கு நெட்வொர்க்கில் ஆள் இல்லையென்றால் வெளியே ஏற்பாடு செய்து தரணும் என்று 2021 முதல் சட்டமே இருக்கிறது.

மதி:
முதலாளியே காசு போடும் செல்ஃப் ஃபண்டட் பிளானுக்கு அந்த மாநிலச் சட்டம் செல்லாது. எந்த பிளான் என்று எச்ஆரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

வைகைக்கரை:
முன்பே வாங்கணும் என்று போன வருடம் நான் சொன்னபோது நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மட்டம் தட்டினீர்கள். மறக்கவில்லை.

மதி:
அன்று நீங்கள் டிடக்டிபிளைத் தப்பாகச் சொன்னீர்கள். அதற்குத்தான் பதில் போட்டேன்.

வைகைக்கரை:
தப்பே இல்லை. நெட்வொர்க்குக்கு வெளியே டிடக்டிபிள் பெரும்பாலும் தனி என்றேன், இன்றும் அதேதான்.

நெட்டைமரம்:
பேச்சை மாற்றாதீர்கள். மருத்துவத் தேவையில்லை என்று அப்பீலிலும் மறுத்தால், 4 மாதத்துக்குள் வெளி ரிவ்யூ, அதாவது கம்பெனியைச் சேராதவர்கள் பார்க்கும் மறுபரிசீலனை, கேட்கலாம். அங்கே ஜெயித்தால் பழைய செஷனுக்கும் காசு வரும்.

வைகைக்கரை:
நெட்வொர்க்கில் ஆள் இருக்கிறார் என்று மறுத்தால்? அந்தப் போன் தாள்தான் கை கொடுக்கும். அதனால்தான் சொல்கிறேன், முன்பே வாங்கணும்.